சொல்லடைவில் இரண்டு ஔவையார்

டிசம்பர் கடைசி வாரம். நந்தனம் புத்தகக் காட்சிக்கு வந்தே தீர வேண்டிய கட்டுரைத் தொகுப்பு. 224 பக்கம், ஃபாரத்துக்கு 16 பக்கம் வீதம் கணக்காக 14 ஃபாரம். நான் அதன் செம்மையாக்குநர். பிரதித் திருத்தம், நூலாசிரியரின் ஒப்புதல், முதல் இரண்டு மெய்ப்பு (அச்சுக்கு முன் பிழை பார்க்கும் படி) எல்லாம் சண்டையில்லாமல் முடிந்தன. வினை, எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் என்று அகரவரிசையில் காட்டும், கடைசியில் சேர்த்த சொல்லடைவில் காத்திருந்தது.

ஒட்டக்கூத்தருக்குக் கீழே ஓர் ஔவையார். ‘ஓ’ வரிசை முடிந்ததும் இன்னோர் ஔவையார். பக்க எண்கள் வேறு வேறு. சங்ககால ஔவையையும் ஆத்திசூடி ஔவையையும் நூலாசிரியர் பிரித்துக் காட்டியிருக்கிறார் என்று மெச்சிக்கொண்டே ‘சரி’ போட்டுவிட்டேன். இரவில் பக்கங்களைப் புரட்டினால், புறநானூற்று ஔவை இரண்டு பதிவிலும் இருக்கிறார்.

பழைய கட்டுரைகள் சிலவற்றைப் புதிதாகத் தட்டச்சு செய்தவர், ‘ஔ’ என்ற ஓரெழுத்துக்குப் பதிலாக ஒ, ள என்று இரண்டெழுத்தை அடித்திருந்தார். தாளில் வித்தியாசம் கண்ணுக்குப் படவில்லை. கணினிக்குப் பட்டது, அது அந்த ஔவையை ‘ஒளி’க்குப் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டது. தமிழ்99 விசைப்பலகையில் ஔகாரத்துக்குத் தனி விசையே இருக்கிறது. யாரிடம் போய்ச் சொல்வது?

அடுத்து நடந்தது முழுக்க என் தவறு. வடிவமைப்பாளரைத் தொலைபேசியில் அழைத்து, “ஒ, ள சேர்ந்து வருவதையெல்லாம் ஔ ஆக்கிவிடுங்கள், தம்பி” என்றேன். ஒரே சொடுக்கில் முடித்துவிட்டு, அதன் மேலேயே மூன்று கட்டுரைகளின் திருத்தங்களையும் போட்டுவிட்டார். மறுநாள் வந்த மெய்ப்பில் ஒளி இல்லை. ஒளி, ஒளிர்தல், ஒளிந்துகொண்டான் என்று எங்கெல்லாம் இருந்ததோ அங்கெல்லாம் புள்ளி வட்டமும் அதன் மேல் ஒரு கொக்கியும் (இகரக் குறி). “நீங்கள் சொன்னதைத்தான் செய்தேன், மேடம்” என்றார். உண்மைதான்.

பின்னால் போகவும் வழியில்லை; போனால் மூன்று கட்டுரைத் திருத்தமும் போய்விடும். “நேரில் வாருங்கள், உட்கார்ந்து முடித்துவிடலாம்” என்றாரே என்று தாம்பரத்திலிருந்து ராயப்பேட்டைக்குப் போனேன். ஆள் காலண்டர் வேலையாகச் சிவகாசிக்குக் கிளம்பியிருந்தார். கணினியின் கடவுச்சொல்லும் அவரோடு போயிருந்தது.

திரும்பும் ரயிலில்தான் மூளை வேலை செய்தது. ‘ஔ’ உயிரெழுத்து. அதன் மேல் கொக்கியோ புள்ளியோ ஏறவே ஏறாது. ஆகவே, ஏறியிருக்கும் இடமெல்லாம் நான் கெடுத்த இடம். அவற்றை மட்டும் தேடி, ‘ஔ’வை மீண்டும் ஒ, ள என்று இரண்டெழுத்தாக்கினால் போதும், ஔவையார் அலுங்காமல் இருப்பார். மறுநாள் கணினி திறந்ததும் பத்தே நிமிடத்தில் முடிந்தது. அந்தப் பத்து நிமிடத்துக்காக எனக்கு நானே ஒரு காபி வாங்கிக்கொடுத்தேன்.

இதே நோய் மௌனம், பௌத்தம், வௌவால் ஆகியவற்றிலும் உண்டு. ஒற்றைக்கொம்பும் ளகரமுமாக அடித்திருப்பார்கள். ளகரத்தின் மேல் எந்தக் குறியும் இல்லாத இடங்களை மட்டும் தேடி, ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றுங்கள். ‘அனைத்தையும் மாற்று’ பொத்தானைத் தொட்டால் வெளி, தெளிவு, வெள்ளம் எதுவும் மிஞ்சாது. முக்கியமாக, இந்தத் தேடலைப் பக்க வடிவமைப்புக்கு முன்பே முடித்துவிடுங்கள். சொல்லடைவு வந்தபின் ஒவ்வொரு திருத்தமும் பக்க எண்ணை அசைக்கலாம்.

பக்கக் கணக்கில் பேசிய கூலியில் இந்த மூன்று நாட்கள் சேரவில்லை. அடுத்த நூலுக்குச் சொல்லடைவைத் தனிக் கணக்காகக் கேட்டு எழுதியிருக்கிறேன். பதிப்பகத்திலிருந்து இன்னும் பதில் இல்லை.