பசிக்குக் காத்திராமல் கூட்டிய 4 கிலோ

‘என்ன தின்றாலும் உடம்பில் ஒட்டுவதில்லை’ என்றுதான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். நான் 400 மீட்டர் ஓட்ட வீராங்கனை; எடை 48 கிலோ. கடைசி 100 மீட்டரில் தொடையில் வலுவே இருக்காது. மூன்று மாதம் மாதவிடாய் வராமல் போன பிறகுதான் மருத்துவரிடம் போனேன். பயிற்சிக்கு ஈடாகச் சாப்பிடாவிட்டால் உடல் முதலில் இப்படித்தான் சிக்கனம் பிடிக்கும் என்றார். இதைப் பயிற்சியின் களைப்பு என்று நினைத்துத் தள்ளிப்போட்டது பெரிய தவறு. யாரும் அப்படி விட்டுவிடாதீர்கள்.

உணவியல் நிபுணர் ஒரு வாரம் சாப்பிட்டதையெல்லாம் எழுதிவரச் சொன்னார். ஓய்வு நாளில் நோட்டுப் பக்கம் நிரம்பியிருந்தது. கடும் பயிற்சி நாளில் நான்கு வரிகூட இல்லை. வேகமாக ஓடி முடித்தால் எனக்கு இரண்டு மணி நேரம் பசியே எடுக்காது. பசிக்கட்டும் என்று இருந்தே ஒரு வேளை உணவைத் தவறவிட்டிருக்கிறேன். ‘பசியைப் பார்க்காதே, கடிகாரத்தைப் பார்’ என்றார்.

நாளுக்கு 300 முதல் 500 கலோரி கூடுதல். புரதம் கிலோவுக்கு 1.6 முதல் 2 கிராம், அதாவது எனக்கு 77 முதல் 96 கிராம். அதையும் நான்கு வேளையாகப் பிரித்து. மெல்லப் பிடிக்காத நேரத்துக்கு ஒரு பானம்: 300 மில்லி பால், ஒரு வாழைப்பழம், ஒரு மேசைக்கரண்டி நிலக்கடலை விழுது. ஏறக்குறைய 400 கலோரி. முதல் வாரம் வயிறு உப்பி, முழுதாகக் குடிக்க முடியவில்லை. பாதியை ஓடி முடித்ததும், மீதியை வீடு வந்து குளித்த பிறகும் குடித்தேன். அப்படித்தான் பழகியது.

கூடவே வாரம் மூன்று நாள் எடைப் பயிற்சி. அது இல்லாமல் உணவை மட்டும் கூட்டினால் பெரும்பகுதி கொழுப்பாகத்தான் சேரும்.

மூன்றாம் வாரம் ஒரே இரவில் 700 கிராம் இறங்கியது கண்டு அழுதுவிட்டேன். அது நீரின் ஏற்ற இறக்கம்தானாம். அதன் பிறகு காலையில் வெறும் வயிற்றில் எடை பார்த்து, வாரச் சராசரியை மட்டுமே கணக்கில் எடுத்தேன். வாரத்துக்கு 150, 200 கிராம். மெதுவாகத்தான் ஏறியது.

நான்காம் மாதம் மாதவிடாய் திரும்பியது. எடைத்தட்டு எத்தனை காட்டினாலும் அன்று கிடைத்த நிம்மதிக்கு ஈடாகாது. 24 வாரத்தில் 52 கிலோ. பழைய ஓட்டக் கால்சட்டை தொடையில் இறுக்குகிறது. ஒரு அளவு பெரிதாக வாங்கிவிட்டேன்.