விழுந்தவரைக் கேமரா ஏன் தவறவிடுகிறது?

முதியவர் விழுந்தால் கேமராவே கண்டுபிடித்துச் சொல்லிவிடும் என்கிற ஆய்வுக் கட்டுரைகளில் 95, 98 சதவீதத் துல்லியமெல்லாம் சர்வசாதாரணம். அந்த எண்ணை நம்பிப் பாட்டியின் அறையில் கேமராவை மாட்டிவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது. கணினிக்கு விழுவதை அடையாளம் காணக் கற்றுத்தரும் பயிற்சிக் காணொளிகளில் விழுகிறவர்கள் பெரும்பாலும் இளைஞர்கள், விழுவதாக நடிக்கிறார்கள். பலரும் எடுத்தாளும் போலந்தின் ஜெஷூவ் பல்கலைக்கழகக் காணொளித் தொகுப்பில் (டேட்டாசெட்) மொத்தமே 70 காட்சிகள், அவற்றில் விழுவது 30.

நிஜம் வேறு. கனடாவில் இரண்டு முதியோர் இல்லங்களில் முதியவர்கள் விழுந்தபோது கேமராவில் பதிவான 227 சம்பவங்களை ஆய்வாளர் ஸ்டீபன் ராபினோவிச் குழு ஆராய்ந்து, 2013இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியிட்டது. உடல் எடையைத் தவறாக மாற்றி நிலைகுலைந்தவை 41 சதவீதம். தடுக்கி விழுந்தவை 21. வழுக்கி விழுந்தவை வெறும் 3 சதவீதம்! நாற்காலிக் கைப்பிடியைப் பிடித்தபடியே மெல்லச் சரிகிறவரை, வேகத்தை மட்டும் பார்க்கிற கணினி மாடல் 'உட்கார்ந்தார்' என்றே எடுத்துக்கொள்ளும்.

இதைவிட மோசமான ஓட்டை ஒன்று உண்டு. படத்தில் உள்ளவரின் உடல்நிலையைக் கணிக்கப் பயன்படும் கூகுளின் மீடியாபைப் போஸ் என்ற மென்பொருள், தோள், இடுப்பு, முழங்கால் என்று உடலில் 33 புள்ளிகளைக் குறிக்கும். ஆளை முதலில் கண்டுபிடிக்க அது முகத்தைத்தான் பெரிதும் நம்புகிறது. பிடித்தபின் அடுத்தடுத்த படங்களில் பின்தொடர்கிறது. விழும் வேகத்தில் படம் கலங்கினால் தொடர்ச்சி அறுந்துவிடும். குப்புறக் கிடப்பவரின் முகம் தெரியாததால் மறுபடி பிடிக்கவும் முடியாமல் போகலாம். அறையில் யாருமே இல்லை என்று பதில் வரும். ஆகவே, இப்படியொரு கருவியை உருவாக்குகிறீர்கள் என்றால், ஆள் கடைசியாகத் தெரிந்த இடம் கதவருகே இல்லையென்றால், காணாமல் போனதையே எச்சரிக்கையாக எடுங்கள். அந்தப் படத்தை 90 டிகிரி திருப்பி மீண்டும் ஓட்டிப் பார்ப்பதும் பலன் தரும்.

சேலையும் வேட்டியும் முழங்காலை மறைப்பதால் கால் புள்ளிகள் அலைபாயும். தோள், இடுப்புப் புள்ளிகளை நம்புவதே மேல். தரையில் கிடந்தால் விழுந்ததாக அர்த்தம் என்ற விதியும் நம் வீடுகளில் செல்லாது, பாயில் படுப்பவர்கள் இருக்கிறார்களே. பாய் விரிக்கும் இடத்தைத் தனியாகக் குறித்து, அங்கே மட்டும் இடுப்பு இறங்கிய விதத்தையும் அதன் பிறகான அசைவையும் சேர்த்துப் பாருங்கள்.

பொய் அலாரம்தான் இந்தக் கருவிகளைக் கொல்கிறது. விழுந்தாரா இல்லையா என்று 2 விநாடிக்கு ஒருமுறை தீர்ப்பு என்றால் நாளைக்கு 43,200 தீர்ப்புகள். ஆயிரத்தில் ஒன்று தவறினாலும் 43 அலாரங்கள். எந்தச் செவிலியரும் மூன்றாம் நாள் அதை அணைத்துவிடுவார், அவரைக் குறை சொல்லவும் முடியாது. ஆள் கிடக்கும் நிலை 15, 20 விநாடி தொடர்ந்தால் மட்டும் ஒலிக்கச் செய்தால் பெருமளவு குறையும்.

கேமராவை மூலையில், இரண்டேகால் மீட்டர் உயரத்தில், அவர் கட்டிலிலிருந்து இறங்கும் பக்கம் மறையாதபடி மாட்டுங்கள். கொசுவலை முன்னால் இருந்தால் இரவில் அகச்சிவப்பு ஒளி அதில் பட்டுத் திரும்பி, படமே வெளுத்துவிடும். காணொளி வீட்டைவிட்டு வெளியே போக வேண்டாம். புள்ளிகளைக் கணக்கிட்டதும் படத்தை அழித்துவிடலாம். குளியலறையில் கேமரா கூடவே கூடாது, அங்கே ரேடார் சென்சார் பொருத்தலாம்.

சோதிக்கும்போது ஒரே ஆளின் காட்சிகளைப் பயிற்சிக்கும் தேர்வுக்கும் பிரித்துப் போடாதீர்கள், துல்லியம் பொய்யாக ஏறும். ஒரு வாரம் வழக்கமான வாழ்க்கையைப் பதிவுசெய்து, நாளுக்கு எத்தனை பொய் அலாரம் என்று எண்ணி, அந்த எண்ணையும் உங்கள் ஆய்வுக் கட்டுரையில் எழுதுங்கள்.