ரிப்போர்ட் வரும்வரை

மார்ச் 5, 2025, புதன்

சாம்பல் புதன், லெந்து உபவாச நாட்களின் தொடக்கம். ஆராதனையில் 51-ஆம் சங்கீதம். வெளியே வரும்போது ஆளாளுக்கு இந்த நாற்பது நாளில் எதை விடப்போகிறோம் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்கு விட வேண்டியது எதுவென்று தெரியும். யாரிடமும் சொல்லவில்லை.

மார்ச் 6

அண்ணி போன். அண்ணனை டெஸ்டுக்கு அனுப்பியிருக்கிறார்களாம், ரிப்போர்ட் வர நாளாகுமாம். "நீ அவர்கிட்ட பேசேன்" என்று கேட்கவில்லை. கேட்காமல் வைத்ததுதான் உறுத்துகிறது.

மார்ச் 9, ஞாயிறு

லெந்து கணக்கில் ஞாயிற்றுக்கிழமைகள் சேராது. அப்போ கோபத்துக்கு இன்றைக்கு லீவா?

செய்தி, பாவத்தை மேற்கொள்வது பற்றி. போதகர் குடி, பொய், இச்சை எல்லாவற்றையும் சொன்னார். நான் நிம்மதியாக உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்கு வந்து பைபிளில் அப்போஸ்தலன் பவுல் எழுதின கலாத்தியர் 5-ஐத் திறந்தேன். மாம்சத்தின் கிரியைகள் பட்டியலில் பில்லிசூனியத்துக்கும் கொலைகளுக்கும் நடுவே பகைகள், விரோதங்கள், கோபங்கள், சண்டைகள், பொறாமைகள் என்று வரிசையாக நிற்கின்றன. பட்டியலில் பாதிக்குப் பக்கம் என்னைப் போன்ற ஒழுக்கமானவர்களுக்குத்தான். பிரசங்கங்களில் இந்தப் பாதி ஏனோ வேகமாகக் கடந்துவிடுகிறது.

மார்ச் 14

ரிப்போர்ட் வரவில்லை.

மார்ச் 18

தூக்கம் வரவில்லை என்பதால் எழுதுகிறேன். விளக்கை அணைத்ததும் அந்தக் கூடம், அந்த மேசை, அண்ணன் பேப்பரை என் பக்கம் தள்ளின விதம், எல்லாம் வரும். அன்றைக்கு நான் வாயே திறக்கவில்லை. இப்போது தினமும் திறக்கிறேன். கோர்ட்டில் வாதாடுகிற மாதிரி ஒவ்வொரு ராத்திரியும் புதுப் புது சாட்சி, புதுப் புது கேள்வி. தீர்ப்பு எப்போதும் எனக்குச் சாதகம்தான். பிறகும் மறுநாள் வழக்கு திரும்ப ஆரம்பிக்கிறது.

நாலாம் நூற்றாண்டில் எகிப்து வனாந்தரத்தில் இருந்த எவாக்ரியுஸ் என்ற துறவி, மனிதனை அலைக்கழிக்கிற எட்டு நினைவுகளைப் பட்டியலிட்டார். கோபத்தைப் பற்றி அவர் சொன்னது: நம்மை நோகடித்தவனின் முகத்தை, அதுவும் ஜெப நேரத்தில், அது கண்முன் கொண்டுவந்து நிறுத்தும். ஆயிரத்து அறுநூறு வருஷத்துக்கு முந்தைய மனுஷனுக்கு என் படுக்கையறை எப்படித் தெரிந்தது?

பரமண்டல ஜெபத்தில் "எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல" என்கிற இடத்தில்தான் அண்ணன் முகம் வருகிறது. சரியாக அங்கே.

மார்ச் 21

எஜமானின் மனைவி பிடித்திழுத்தபோது யோசேப்பு வஸ்திரத்தை விட்டுவிட்டு ஓடினான். வேசித்தனத்துக்கு விலகியோடுங்கள் என்கிறார் பவுலும். தலைக்குள் இருப்பதை விட்டு எங்கே ஓடுவது? கோபத்துக்கு அவர் வைத்தது கெடு. சூரியன் அஸ்தமிக்கிறதற்கு முன். அடுத்த வசனமே பிசாசுக்கு இடங்கொடாதிருங்கள். என் கெடு தாண்டி வருஷங்கள் ஆகின்றன.

மார்ச் 27

ஜெபக்குழு அக்கா, "மன்னிச்சிட்டேன்னு வாயால அறிக்கை பண்ணு, விடுதலை வந்துடும்" என்றார். பண்ணினேன். சாயங்காலம்வரை தாங்கியது.

ஒரே தடவையில் ஜெயித்துவிடலாம் என்பவர்களைக் கேட்டால் பயமாக இருக்கிறது. சாகும்வரை இப்படித்தான், விடு என்பவர்களைக் கேட்டால் எரிச்சல் வருகிறது. ரோமர் 6-இல் பவுல், பாவத்திற்கு மரித்தவர்களாக உங்களை எண்ணிக்கொள்ளுங்கள் என்கிறார். 8-இல், ஆவியினாலே சரீரத்தின் செய்கைகளை அழித்தால் பிழைப்பீர்கள் என்கிறார். ஏற்கெனவே மரித்தாயிற்று, ஆனாலும் அழித்துக்கொண்டே இருக்க வேண்டும். 1517-இல் சபைச் சீர்திருத்தக்காரர் மார்ட்டின் லூத்தர் எழுதிய தொண்ணூற்றைந்து வாக்கியங்களில் முதலாவதே, விசுவாசியின் ஆயுசு முழுவதும் மனந்திரும்புதலாக இருக்க வேண்டும் என்பதுதான். அக்காவிடம் இதைச் சொன்னால், ரொம்பப் படிக்கிறாய் என்பார்.

ஏப்ரல் 2

எபேசியர் 4:28. திருடன் திருடாமல் இருந்தால் போதும் என்று அங்கே இல்லை. கைகளினால் வேலை செய்து, குறைச்சலுள்ளவனுக்குக் கொடுக்க வேண்டும். திருடின அதே கை. இயேசு சொன்னதில், துரத்தப்பட்ட அசுத்த ஆவி திரும்பி வந்து பார்த்த வீடும் பெருக்கி ஜோடிக்கப்பட்டுத்தான் இருந்தது, ஆனால் உள்ளே ஆள் இல்லை. நான் இத்தனை நாளாகப் பெருக்கிக்கொண்டே இருக்கிறேன்.

அண்ணிக்கு ஒரு மெசேஜ்: "ராத்திரி நான் ஆஸ்பத்திரியில இருக்கேன், நீங்க வீட்டுல தூங்குங்க." அழித்தேன், மறுபடி அடித்தேன். போய்விட்டது. நீல டிக்கும் விழுந்துவிட்டது.

ஏப்ரல் 5

ராத்திரி முழுக்க அண்ணன் பேசியது இரண்டே வாக்கியம். "தண்ணி குடு." "ஃபேனைக் குறை." அதே அதிகாரக் குரல். பற்றிக்கொண்டு வந்தது. குறைத்தேன். உள்ளே ஒன்றும் உருகவில்லை. ரெகுலேட்டரைத் திருப்பியது கை மட்டும்தான். இது மாய்மாலமா கீழ்ப்படிதலா என்று விடியும்வரை யோசித்தேன். சத்துருவின் மேல் உனக்குப் பாசம் வரட்டும், அப்புறம் போஜனம் கொடு என்று ரோமர் 12-இல் இல்லை. பசியாயிருந்தால் கொடு, அவ்வளவுதான்.

ஏப்ரல் 8

மூன்றாம் நாளாக வழக்கு நடக்கவில்லை. கிருபையா, வெறும் அசதியா, தெரியவில்லை. அசதியைக் கர்த்தர் உபயோகிக்க மாட்டார் என்று யார் சொன்னது?

ரிப்போர்ட் வரவில்லை.

ஏப்ரல் 13, குருத்தோலை ஞாயிறு

"அண்ணனை எப்படிப் பார்த்துக்கிற பாரு, இதுதான் சாட்சி" என்று சபையில் நாலு பேர் சொல்லிவிட்டார்கள். வீடு வரும்வரை மனசு குளிர்ந்திருந்தது. மற்ற நினைவுகளைத் தோற்கடித்த பிறகுதான் வீண்பெருமை தலைதூக்கும் என்றும் அந்த வனாந்தரத் துறவி சொல்லியிருக்கிறார். அவரை இனி ராத்திரியில் படிப்பதாக இல்லை.

ஏப்ரல் 15

நேற்று பின்னிரவில் அண்ணனே ஆரம்பித்தார். "அன்னைக்கு அந்தப் பேப்பர் விஷயம்..." எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. இத்தனை வருஷம் பேசிப் பழகின பதில் அத்தனையும் நாக்கு நுனியில் நின்றது. "சொல்லுங்க அண்ணா" என்றேன். அதற்குள் பி.பி. பார்க்க நர்ஸ் வந்துவிட்டார். அவர் போனபோது அண்ணன் தூங்கியிருந்தார், அல்லது கண்ணை மூடிக்கொண்டார்.

டாக்டர் நாளைக் காலை பத்து மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார். அண்ணியும் வருகிறார்.