சைடு பேனல் கழற்றும்போது காது உடையாமல் இருக்க

பல பைக்குகளில் ஏர் ஃபில்டர், பேட்டரி எதைப் பார்க்கவும் முதலில் கழற்றுவது சைடு பேனலைத்தான். பேனலை வண்டியோடு பிடித்து நிறுத்தும் பிளாஸ்டிக் நீட்டலான காது உடைவதும் அங்கேதான்.

ஸ்குரூவை எல்லாம் எடுத்த பிறகும் பேனல் வரவில்லையென்றால் முரட்டுத்தனமாக இழுக்காதீர்கள். பின்பக்கம் இருக்கும் குச்சிகள் ரப்பர் வளையத்துக்குள் இறுகியிருக்கும். ஒவ்வொரு குச்சிக்கும் நேர் பக்கத்தில் கை வைத்து, நேராக வெளியே இழுக்கணும். ஒரு ஓரத்தைப் பிடித்துச் சாய்த்தால் குச்சி அடியோடு முறியும். திரும்ப மாட்டும்போது ரப்பரில் சோப்புத் தண்ணீர் போதும். பெட்ரோல், கிரீஸ் பட்டால் ரப்பர் ஊதிவிடும்.

சில இடங்களில் ஸ்குரூவுக்குப் பதில் பேனலைப் பிடிக்கும் பிளாஸ்டிக் புஷ் கிளிப்பில் (push clip) இரண்டு வகை. நடு ஊசியை 2, 3 மி.மீ. உள்ளே அமுக்கினால் விடுபடுவது ஒன்று. ஊசியை வெளியே நெம்பி எடுப்பது இன்னொன்று. முதல் வகையை மாட்டுமுன் ஊசியைப் பின்னாலிருந்து வெளியே தள்ளிவிடுங்கள். இல்லாவிட்டால் பிடிக்கவே பிடிக்காது.

போல்ட்டுகளை ஓர் அட்டையில் பேனல் வடிவம் வரைந்து அந்தந்த இடத்தில் குத்தி வையுங்கள். நீள போல்ட் இடம் மாறிப் போனால் உள்ளே வயரைக் குத்தும். மாட்டும்போது எல்லாவற்றையும் கையால் இரண்டு சுற்று ஏற்றிய பிறகே இறுக்கணும். போல்ட்டோடு வரும், அதைச் சுற்றி உட்காரும் சின்ன இரும்புக் குழாயான காலரைத் தொலைத்துவிட்டால் பிளாஸ்டிக் நசுங்கி விரிசல் விடும்.