சாம்பார் சாதமும் மாலை ஐந்து மணியும்

ஜூன் 3
உடற்பயிற்சி பசியைக் கூட்டுமா குறைக்குமா என்று பார்க்கும் ஆய்வு. பயிற்சி முடிந்ததும் வைக்கும் சாப்பாட்டுக்கு இட்லி வேண்டாம் என்று முடிவாயிற்று. இட்லியை யாரும் பசிக்குச் சாப்பிடுவதில்லை, எண்ணிச் சாப்பிடுகிறார்கள். நாலு ஆனதும் கை நின்றுவிடும். பொங்கலில் நெய் மேலே மிதக்கும். முதல் கரண்டியும் கடைசிக் கரண்டியும் ஒரே கலோரி ஆகாது. காயையும் மசித்துக் குழைய விட்ட சாம்பார் சாதம்தான் சரி. ஒன்றரை கிலோ, மூடி போட்ட பாத்திரத்தில். யாராலும் காலி செய்ய முடியாத அளவு இருக்க வேண்டும். காலியானால் அன்றைய அளவீடு வீண்.

ஜூன் 4
யாரும் தொடாமலே எடை குறைகிறது. ஆவி. பக்கத்தில் அதே அளவில் இன்னொரு பாத்திரம் வைத்து, அதில் குறைவதைக் கழிக்கணும்.

ஜூன் 7
வயது 40 என்றால் உச்ச நாடித்துடிப்பு தோராயமாக 180. மிதமான பயிற்சி நாளில் 115 முதல் 135 வரை. கடும் நாளில் 153-க்கும் 171-க்கும் நடுவே 4 நிமிடம், அப்புறம் 3 நிமிடம் மெதுவாக. இப்படி 4 சுற்று. சைக்கிள்தான், ட்ரெட்மில்லில் முட்டி தாங்காது.
ஆய்வுக்கு வருகிறவர்களில் மூன்றாம் எண்ணுக்கு வியர்வை கொட்டுகிறது, நாடி 130-ஐத் தாண்டவில்லை. பிரஷருக்கு பீட்டா பிளாக்கர் போடுகிறாராம், நாடியை ஏறவிடாத மருந்து. அதைப் போடுகிறவர்களிடம் நாடிக்கணக்கு செல்லாது. 6 முதல் 20 வரை போகும் போர்க் அளவுகோலில் சிரமத்தைக் கேட்க வேண்டும்: மிதத்துக்கு 12-13, கடுமைக்கு 16-17.

ஜூன் 8
மழை. யாரும் வரவில்லை.

ஜூன் 11
கடும் நாள். இறங்கியதும் 100 மி.மீ. கோட்டில் பசியைக் குறிக்கச் சொன்னால் பேனா இடது ஓரத்துக்கே, பசியே இல்லை என்ற முனைக்கே போகிறது. பசியைத் தூண்டும் ஹார்மோன் கிரெலின் இறங்கும், பசியை அடக்கும் பி.ஒய்.ஒய்.யும் ஜி.எல்.பி-1ம் ஏறும், ரத்தம் குடலை விட்டுத் தசைக்கு ஓடும். ஒரு மணி நேரம் போனால் பேனா நடுவுக்குத் திரும்பிவிடுகிறது. தட்டை 15-ஆம் நிமிடம் வைத்தால் ஒரு முடிவு, 60-ஆம் நிமிடம் வைத்தால் வேறு முடிவு!

ஜூன் 12
மாலை ஐந்து மணியை எப்படி எடை போடுவது?

ஜூன் 15
கரண்ட் போய், ரத்தத்தைச் சுழற்றிப் பிளாஸ்மாவைப் பிரிக்கும் சென்ட்ரிஃபியூஜ் பாதியில் நின்றது. இரண்டு குழாய் குப்பைக்கு. ஆக்டிவ் கிரெலின் சூட்டில் வேகமாகச் சிதையும். ரத்தம் உறையாமலிருக்க ஈ.டி.டி.ஏ. குழாய், உடனே சிதைவுத் தடுப்பான், ஐஸ், குளிரில் சுழற்றல், பிளாஸ்மாவில் அமிலம், மைனஸ் 80 டிகிரி. ஒரு படி தவறினாலும் எண் குறையும். அந்தக் குறைவு உடற்பயிற்சியால் வந்ததுபோலவே தெரியும். பயமே அதுதான்.

ஜூன் 19
கலோரி காட்டும் சைக்கிள் திரையைத் துணி போட்டு மூடியாச்சு. அதைப் பார்த்துவிட்டு ஒருவர் கேட்கிறார்: "முந்நூறு எரிச்சிருக்கேன் மேடம், ஒரு போண்டா தப்பில்லையே?" 90 கிலோ உடம்பு அரை மணி சுமாரான வேகத்தில் நடந்தால் 165 கலோரி. சும்மா உட்கார்ந்திருந்தாலே 47 போகும். மிச்சம் 118. மூன்று டீஸ்பூன் எண்ணெயே சுமார் 120.

ஜூன் 20
எல்லோருக்கும் சமையல் தராசு கொடுத்தாயிற்று. சாயங்காலம் எது சாப்பிட்டாலும் தராசோடு படம்.

ஜூன் 22
சாம்பார் சாதத்தில் மிதத்துக்கும் கடுமைக்கும் பெரிய வித்தியாசமில்லை. ஆனால் ஐந்தாம் எண் கடும் நாளில் பாதியில் எழுந்துவிடுகிறார், ஒன்பதாம் எண் இன்னும் இரண்டு கரண்டி போட்டுக்கொள்கிறார். கூட்டிச் சராசரி எடுத்தால் இருவரும் காணாமல் போவார்கள்.

ஜூன் 23
5.10. ஏழாம் எண்ணிடமிருந்து படம். டீ, இரண்டு வடை. தராசு படத்தில் இல்லை.