ஜெர்மன் டிரையரின் பூர்வீகம்

சிங்கப்பூரில் பள்ளி திறந்த ஜனவரி வாரம். வெளியே வடகிழக்குப் பருவமழை விடாமல் கொட்டுகிறது. மூங்கில் கம்பில் துணி கோத்து ஜன்னலுக்கு வெளியே நீட்டினால், துவைத்ததைவிட ஈரமாகத்தான் திரும்பி வரும். அந்த நேரம் பார்த்து எங்கள் வீட்டின் துணி உலர்த்தும் டிரையர் சுற்றுவதை நிறுத்தியது. மோட்டார் உறுமியது, உருளை மட்டும் அசையவில்லை. கதவைத் திறந்து கையால் தள்ளினால் தடையே இல்லாமல் சுற்றியது. உள்ளே பெல்ட் அறுந்துவிட்டது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

பழுது பார்க்கும் சீன அங்கிளுக்குப் போன் செய்தேன். மாடல் நம்பர்கூடக் கேட்கவில்லை. "யார் செய்தது?" என்றார். பிராண்ட் பெயரைச் சொன்னேன்.

"அது ஒட்டின பேரு. செய்தது யாரு? அது தெரிஞ்சா பார்ட் தேடலாம். தெரியலைன்னா தா பொலே லா, முடியாது, புதுசு வாங்கிடு."

அப்பாவுக்கு அந்தக் கேள்வியே பிடிக்கவில்லை. பல வருடங்களுக்கு முன் தீபாவளித் தள்ளுபடியில் அதைப் பேரம் பேசி வாங்கி வந்தவர் அவர். அன்றிலிருந்து அது எங்கள் வீட்டில் 'ஜெர்மன் மெஷின்'. பிராண்ட் பெயரும் அதற்கு ஒத்து ஊதியது. நடுவில் ஓர் எழுத்தின் தலையில் இரண்டு புள்ளி வேறு. விருந்தாளி வந்தால் அப்பா துணி துவைக்கும் இடமான சர்வீஸ் யார்டுவரை அழைத்துப்போய்க் காட்டுவார். "ஜெர்மன் மெஷினைச் செய்தது யாருன்னு கேக்கறான் பாரு, ஜெர்மன்காரன்தான்!" என்றார் இப்போது.

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. பெட்டியின் பின்னால் டார்ச் அடித்து ஸ்டிக்கரைப் படித்துவிட்டு வந்தார். "மேட் இன் பிஆர்சின்னு போட்டிருக்கு. பிஆர்சி ஜெர்மனியில எங்கே இருக்கு?"

சீன மக்கள் குடியரசு என்பதன் சுருக்கம்தான் அது என்று அப்பாவுக்கும் தெரியும். "செய்யறது அங்கே, டிசைன் ஜெர்மனி" என்று சமாளித்தார். ஸ்டிக்கரில் பிராண்ட், மாடல், 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், இறக்குமதி செய்த உள்ளூர் நிறுவனத்தின் தொலைபேசி எண் எல்லாம் இருந்தன. தொழிற்சாலையின் பெயர் இல்லை. அந்த எண்ணுக்கு அடித்தால் ஒரு முடிதிருத்தும் கடைக்காரர் எடுத்தார். பாவம், டிரையர் என்றதும் எந்த மாதிரி ஹேர் டிரையர் என்று அவர் பொறுமையாகக் கேட்டார்.

முன்பக்கம் ஒட்டிய மின்சிக்கன முத்திரையில் தெரியுமோ என்று பார்த்தேன். சிங்கப்பூரில் 2009 முதல் டிரையருக்கும் அது கட்டாயம். எவ்வளவு மின்சாரம் தின்னும், மின்சிக்கனத்துக்கு எத்தனை டிக் மதிப்பெண் என்றெல்லாம் சொல்லும். எங்கள் மெஷினின் டிக்குகளைப் பற்றி நான் பேசாமல் இருப்பதே அப்பாவுக்கு மரியாதை. பெற்றவர் யார் என்பதை மட்டும் அதுவும் சொல்லவில்லை.

நியூஜெர்சியில் இருக்கும் அக்காவுக்குக் குடும்ப வாட்ஸப்பில் செய்தி போனது. அவள் உடனே கூப்பிட்டாள். "இது ஒரு விஷயமாடா? மாடல் நம்பர்ல புள்ளிக்கு முன்னாடி மூணு எண் இருக்கும் பாரு. 110ன்னா வேர்ல்பூல், 417ன்னா ஃபிரிஜிடேர், 796ன்னா எல்ஜி."

அவள் சொன்னது உண்மைதான், ஆனால் அது கென்மோர் என்ற பெயருக்கு மட்டும். அமெரிக்காவில் சியர்ஸ் கடை பல பத்தாண்டுகளாக விற்ற பெயர் அது. சியர்ஸ் சொந்தமாக டிரையர் செய்ததில்லை. ஒவ்வொரு சமயம் ஒவ்வொரு கம்பெனியிடம் செய்து வாங்கித் தன் பெயரை ஒட்டியது. யார் செய்தது என்பதை அந்த மூன்று இலக்கத்தில் வைத்தது. மறைத்தாலும் ஒரு நேர்மையோடு மறைத்திருக்கிறார்கள். எங்கள் மாடல் நம்பரில் புள்ளியே இல்லை. இருந்த இரண்டு புள்ளியும் பெயரின் தலையில்தான்.

அப்புறம் குழுவில் இருந்த சொந்தபந்தம் எல்லாம் களத்தில் இறங்கியது. பெண் பார்க்கப் போகிற வீட்டைப் பற்றிக்கூட இவர்கள் இப்படித் துருவித் துருவி விசாரித்ததில்லை. பெர்த்தில் இருக்கும் சித்தப்பா பையன், அங்கே ஒரு கடையில் எடுத்த படம் அனுப்பினான். அதே கதவு, அதே குமிழ், அதே இடத்தில் அதே பஞ்சு வடிகட்டி, வேறு பெயர். கோலாலம்பூரிலிருந்து மாமா அனுப்பிய படத்தில் மூன்றாவது பெயர். அப்பா எல்லாவற்றையும் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "நம்மளதைப் பார்த்துக் காப்பி அடிச்சிருக்கான்" என்றார்.

சனிக்கிழமை காலை பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பின்பக்க மூடியைக் கழற்றினேன். உள்ளே ஒரு தலையணைக்குப் போதுமான பஞ்சு, மகள் தொலைத்ததாகச் சொல்லி அழுத ஹேர் கிளிப், நசுங்கிப்போன ஒரு ஈசி-லிங்க் பஸ் பயண அட்டை. மோட்டார் மேல் இத்தாலி என்றிருந்தது. தெர்மோஸ்டாட்டில் வேறு நாடு, கெப்பாசிட்டரில் இன்னொரு நாடு. அப்பா என் தோளுக்கு மேலிருந்து எட்டிப் பார்த்து, "இத்தாலி! ஐரோப்பாதானே!" என்று கத்தினார். சமையலறையிலிருந்து அம்மா, "ஜெர்மனி நகர்ந்து நகர்ந்து இத்தாலிக்கு வந்தாச்சு, இன்னும் கொஞ்சம் தள்ளினா சிங்கப்பூர் ஈசூனுக்கே வந்துடும்" என்றார்.

கழற்றிய மூடியின் உள்பக்கம் மஞ்சள் ஏறிய ஒரு தாள் ஒட்டியிருந்தது. வயரிங் படம். வெளியே யாரும் பார்க்கப்போவதில்லை என்பதாலோ என்னவோ, அதில் எதையும் மறைக்கவில்லை. வேறு ஒரு மாடல் நம்பர், சீன எழுத்தில் ஒரு கம்பெனி, கீழே ஆங்கிலத்தில் ஊர்: குவாங்டோங் மாநிலம், ஃபோஷான், ஷுண்டே. சீனாவில் வீட்டுச் சாதனங்கள் செய்வதற்குப் பேர்போன வட்டாரம். மிடியா கம்பெனியும் அங்கேதான், மைக்ரோவேவ் செய்கிற கேலன்ஸும் அங்கேதான். எங்கள் டிரையரைச் செய்தது இந்த இரண்டும் இல்லை, நான் கேள்விப்படாத மூன்றாவது பெயர். படம் எடுத்து அங்கிளுக்கு அனுப்பினேன்.

அங்கிள் பதிலுக்குக் கேட்டது: "அறுந்த பெல்ட்ல நம்பர் இருக்கா?"

இருந்தது. பஞ்சைத் துடைத்ததும் தெரிந்தது: 1930 எச்7. நீளம் 1930 மில்லிமீட்டர், பெல்ட்டின் உள்பக்க வரிப்பள்ளம் எச் ரகம், வரிகள் ஏழு. அவ்வளவுதான். ஜாலான் புசார் பக்கம் பெல்ட் விற்கும் கடையில் அந்த நம்பரைக் காட்டினால், எந்தக் கேள்வியும் கேட்காமல் எடுத்துக் கொடுத்துவிடுகிறார்கள். "இதை முதல்லயே கேட்டிருக்கலாமே அங்கிள்?" என்றேன். "நீ திறப்பேன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றார். நியாயம்தான்.

மதியத்துக்குள் சீருடைகள் சூடாக வெளியே வந்தன. அம்மா அவற்றை மடித்தபடி, ஷுண்டே என்ற பெயரை ராகம் போட்டு மறுபடி மறுபடி சொல்லிக்கொண்டிருந்தார். அப்பா செய்தித்தாளுக்குள் முகத்தைப் புதைத்திருந்தார். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனால் அப்பாவின் நிலைமை பரிதாபமாக இருந்ததால், அம்மா பாடிப் புகழும் 'ஜப்பான் ஃபிரிட்ஜ்' கம்பெனியின் கதையை எடுத்துவிட்டேன். 2016-இல் தோஷிபா தன் வீட்டுச் சாதனத் தொழிலில் 80.1 சதவீதத்தை மிடியாவுக்கு விற்றுவிட்டது என்று.

செய்தித்தாள் மெதுவாகக் கீழே இறங்கியது.

"மிடியா எந்த ஊருன்னு சொன்னே?"

"ஷுண்டே."

அப்பா எழுந்து டார்ச்சைத் தேடினார். ஃபிரிட்ஜைச் சுவரிலிருந்து தள்ளி அதன் பின்னால் பாதி உடம்பை நுழைத்தார். அம்மா மடிப்பதை நிறுத்திவிட்டு, "எனக்கு அது ஜப்பான்தாங்க, நீங்க ஒண்ணும் படிக்க வேண்டாம்" என்றார்.

"மேட் இன்..." என்று உள்ளிருந்து குரல் வந்தது, கொஞ்சம் இடைவெளி விட்டு, ரசித்து, "தாய்லாந்து!"