தண்டவாளத்தின் மேல் ஒரு நடை

நேற்று சாயங்காலம் மகளோடு சிட்னி அல்டிமோ 'கூட்ஸ் லைன்' நடைபாதைக்குப் போயிருந்தேன். டார்லிங் ஹார்பர் சரக்கு யார்டுக்கு ரயில் போன பாதை இது. 2015-ல் நடைபாதையாகத் திறந்தார்கள். பழைய தண்டவாளத்தைப் பிடுங்காமல் தரையிலேயே பதித்து வைத்திருக்கிறார்கள். குனிந்து தொட்டேன். வெயில் இறங்கியும் இரும்பில் சூடு இருந்தது. ஓரமெல்லாம் துரு, விரலில் ஒட்டியது.

1855-லிருந்து கம்பளியும் கோதுமையும் ஏறி இறங்கிய யார்டு. கன்டெய்னர் வந்து வேறு துறைமுகங்களுக்குச் சரக்கு போனதும் வேலை ஓய்ந்தது, 1984-ல் மூடினார்கள். நான்கே வருடத்தில், ஆங்கிலேயர் ஆஸ்திரேலியாவில் குடியேறியதன் 1988 இருநூறாம் ஆண்டு விழாவுக்கு, பூங்கா, மாநாட்டு மண்டபம், கடைகள் என்று ஆளே மாறிவிட்டது. தண்ணீர் ஓரம் மக்களுக்குக் கிடைத்தது பெரிய விஷயம்தான், மறுக்கவில்லை. ஆனால் நூற்றி முப்பது வருடம் அங்கே மூட்டை தூக்கியவர்களின் சுவடு அந்தக் கரையில் என் கண்ணில் பட்டதே இல்லை. அது எனக்கு வலிக்கிறது.

அதனால்தான் இந்தக் கொஞ்ச தூர இரும்பு எனக்கு அவ்வளவு பிடிக்கிறது. மகள் கையை விரித்துக்கொண்டு அதன் மேலேயே கடைசிவரை நடந்தாள், "அப்பா, ரயில் எப்ப வரும்?" என்று கேட்டுக்கொண்டே.